தாத்தாவின் மாமியா லென்ஸை சோனியில் மாட்டினாலும் 80 என்பது 80தான்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, தாத்தா ஸ்டுடியோவை மூடி இருபது வருஷம் ஆச்சு. பீரோவைத் திறந்தால் மாமியா 645 கேமராவும் 55, 80, 150 என்று மூன்று லென்ஸும் இருக்கின்றன. கேமரா ஓடவில்லை, லென்ஸெல்லாம் நன்றாகத்தான் தெரிகின்றன. என்னிடம் சோனி ஏ7 மூன்றாம் மாடல் இருக்கிறது. அடாப்டர் வாங்கி மாட்டினால் மீடியம் ஃபார்மட் லுக் கிடைக்குமா? 80 லென்ஸ் 50 ஆகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?"

மேலுக்கு இரண்டு கேள்விதான். (மீடியம் ஃபார்மட் என்பது சாதாரண 35 மி.மீ. பிலிமைவிடப் பெரிய பிலிமில் எடுக்கும் கேமரா வகை; மாமியா 645 அதில் ஒன்று.) ஆனால் அவர் உள்ளுக்குள் கேட்பது வேறொன்று என்று நினைக்கிறேன். தாத்தா எடுத்த படங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். பாட்டியின் கல்யாணப் படமோ, பெரியப்பா கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்ததோ. அந்தப் படத்தில் முகம் மெழுகில் செய்ததுபோல வழவழவென்று நிற்கும், பின்னால் உள்ள திரை பால்போலக் கரைந்திருக்கும். அது ஏன் தன் சோனியில் வரமாட்டேன் என்கிறது, இந்த லென்ஸை மாட்டினால் வருமா என்பதுதான் கேள்வி. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் 120 ரோல் என்கிற அந்தப் பெரிய பிலிமைப் போட்டு எடுத்துக் கழுவிப் பிரிண்ட் போட்டவன், இப்போது கேமரா சர்வீஸ் பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் முடித்துவிடலாம். லென்ஸ் மாட்டும், படம் வரும், நல்ல படமாகவே வரும். ஆனால் 80 லென்ஸ் 50 ஆகாது. லென்ஸில் எழுதியிருக்கிற 80 என்பது மி.மீ. கணக்கில் அதன் குவியத் தூரம், அந்தக் கண்ணாடியின் குணம். அதை எந்தக் கேமராவில் மாட்டினாலும் அது 80தான். "மீடியம் ஃபார்மட் 80 என்றால் 50-க்குச் சமம்" என்று சொல்வது, அந்த லென்ஸ் தன் சொந்த 645 பிலிமின் மேல் இருக்கும்போது எவ்வளவு அகலம் பார்க்கிறது என்பதற்கான கணக்கு. 645 பிலிமில் படம் விழும் இடம் 56-க்கு 41.5 மி.மீ. உங்கள் சோனியின் சென்சார் 36-க்கு 24. மூலைக்கு மூலை அளந்தால் ஒன்று ஏறத்தாழ 70 மி.மீ., இன்னொன்று 43. அதே லென்ஸ், அதே பிம்பம், நடுவில் மட்டும் சின்னதாக ஒரு செவ்வகம் வெட்டி எடுத்துக்கொள்கிறீர்கள். பெரிய தோசையின் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாக வெட்டினால் தோசையின் கனமோ முறுகலோ மாறுமா? மாறாது, அளவுதான் குறையும். ஆக, சோனியில் 55 என்பது சாதாரண லென்ஸ், 80 என்பது முகத்துக்கான லென்ஸ், 150 என்பது தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி. அகலமாகப் பார்க்கும் வைடு உங்களிடம் இல்லை. நண்பர்கள் யாராவது சென்சார் இன்னும் சின்னதான ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டிப் பார்த்தால் செவ்வகம் இன்னும் சின்னதாகும்; 80 அங்கே, உங்கள் சோனி போன்ற ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 120 லென்ஸ் பார்ப்பதுபோலப் பார்க்கும்.

இதிலிருந்தே இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. கொஞ்சம் கசக்கும். நாம் மீடியம் ஃபார்மட் லுக் என்று சொல்கிற சங்கதியில் பெரும்பங்கு லென்ஸில் இல்லை, பிலிமின் பரப்பில் இருக்கிறது. பரப்பை வெட்டிய பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு 80 எஃப் 2.8 லென்ஸ், அவ்வளவே. (எஃப் எண் என்பது அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிது.) 35 மி.மீ. கேமராவுக்கென்றே செய்த 80 எஃப் 2.8 ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தாலும் அகலமும் பின்னணி மங்கலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். தாத்தா 645 பிலிமில் 80 லென்ஸை எஃப் 2.8-ல் திறந்து எடுத்த படத்தின் அகலமும் மங்கலும் உங்கள் சோனியில் வரவேண்டுமென்றால் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.7, 1.8 பக்கம் திறந்து, அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். அதாவது உங்கள் பையில் ஒரு சாதாரண 50 எஃப் 1.8 இருந்தால், தாத்தா படத்தின் வடிவக் கணக்குக்கு மாமியா லென்ஸைவிட அதுவே பக்கத்தில் நிற்கும். கேட்கிறவர்கள் யாரும் இதை உடனே நம்புவதில்லை. எடுத்துப் பார்த்தால் நம்புவீர்கள்.

அப்படியானால் சுவரில் தொங்கும் அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது? ஸ்டுடியோவில் வழக்கமாகப் போட்டுக்கொடுத்த 12-க்கு 15 அங்குலப் பிரிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 645 நெகட்டிவை அந்த நீளத்துக்கு இழுக்க ஏழு மடங்குகூட வேண்டாம். 35 மி.மீ. நெகட்டிவ் என்றால் பத்தரை மடங்கு இழுக்க வேண்டும். குறைவாக இழுத்தால் பிலிமின் மணிமணியான புள்ளிகள் தெரியாது, வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகிற இடமெல்லாம் படிப்படியாக இறங்கும். அடுத்தது லைட். சின்ன ஊர் ஸ்டுடியோவிலும் முகத்துக்கு ஒன்று, நிழலைத் தூக்க ஒன்று, தலைமுடிக்கு மேலே ஒன்று என்று மூன்று லைட்டாவது போடுவோம். மூன்றாவது காரணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: டச்சிங். சாய்வான மேசையில் நெகட்டிவை வைத்து, கீழிருந்து கண்ணாடியில் வெளிச்சம் வாங்கி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே இருக்கும் குழியையும் பருவையும் புள்ளி புள்ளியாக நிரப்புவோம். ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும். நெகட்டிவ் சின்னதாக இருந்தால் பென்சில் வைக்கவே இடம் இருக்காது. பெரிய நெகட்டிவின் நிஜமான லாபங்களில் இதுவும் ஒன்று. உங்கள் பாட்டி முகத்தின் பளபளப்பில் மாமியாவுக்கு எவ்வளவு பங்கோ, தாத்தாவின் பென்சிலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இனி சந்தேகமான பகுதி. "பழைய லென்ஸுக்கு ஒரு தனி குணம் இருக்கிறது, முகம் படத்திலிருந்து எழுந்து வருகிறது" என்று பலர் சொல்வார்கள். முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். இந்த மாமியா 80-ஐயும் புதிய 85 எஃப் 1.8 ஒன்றையும் ஒரே முகத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டு எடுத்திருக்கிறேன். மாமியாவில் கான்ட்ராஸ்ட் ஒரு பிடி குறைவு, தோல் கொஞ்சம் மென்மையாக வருகிறது. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எது எந்த லென்ஸ் என்று சொல்லாமல் என் மகளிடம் காட்டினேன். ஆறு படத்தில் மூன்றைச் சரியாகச் சொன்னாள். பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். ஆக, இது ரசனை விஷயம், கணக்கு இல்லை. உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரை நம்பவைக்க முயலாதீர்கள்.

கூர்மையைப் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. மீடியம் ஃபார்மட் லென்ஸ் என்றாலே 35 லென்ஸைவிடக் கூர்மை என்று நினைக்கிறார்கள். குறைவாக இழுக்கப்போகிற பிலிமுக்காகச் செய்த லென்ஸுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் அத்தனை நுணுக்கம் தேவைப்படவில்லை. அதற்குப் பதிலாகப் பெரிய பரப்பு முழுவதும் சீராக இருக்க வேண்டியிருந்தது. உங்கள் சோனியில் 24 மெகாபிக்சல். ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 168 பிக்சல். இதற்கு மாமியா லென்ஸ்கள் தாராளமாக ஈடுகொடுக்கின்றன, எஃப் 5.6, 8 என்று மூடினால் மூலைவரை கண்ணாடிபோல இருக்கும். நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால் மூலை இருட்டும் இருக்காது. 61 மெகாபிக்சல் கேமரா உடம்பில் மாட்டினால் கதை மாறும். அங்கே மில்லிமீட்டருக்கு 266 பிக்சல், எஃப் 2.8-ல் முடி இழை இழையாகப் பிரிந்து தெரியாது. இன்னொன்று, முழுக்கத் திறந்து எடுக்கும்போது ஜரிகையிலும் மூக்குத்தியிலும் ஊதா விளிம்பு கட்டும். பிலிம் காலத்தில் இது கண்ணில் உறுத்தவில்லை. இப்போது திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறோம் அல்லவா, உறுத்துகிறது. அப்பர்ச்சரை இரண்டு ஸ்டாப், அதாவது எஃப் 5.6 வரை மூடினால் பெரும்பாலும் போய்விடும்.

அடாப்டருக்கு வருகிறேன். இதில்தான் நான் பட்ட பாடு அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரைக்கும் ஒரு தூரம் உண்டு. மாமியா 645-க்கு அது 63.3 மி.மீ. சோனிக்கு 18. மீதமுள்ள 45.3 மி.மீ. நீளத்துக்கு ஒரு காலிக் குழாய், அதுதான் உங்கள் அடாப்டர். உள்ளே கண்ணாடி கிடையாது, மின்சாரத் தொடர்பும் கிடையாது. நிக்கானின் டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே ஆடி வைத்த கேமரா) அந்தத் தூரம் 46.5 என்பதால் குழாய் 16.8 ஆகச் சுருங்கும். கேனானின் டிஎஸ்எல்ஆருக்கு 44, அங்கே 19.3. பெரிய கேமரா லென்ஸ் சின்னக் கேமராவில் மாட்ட முடிவதற்கு இந்த மிச்ச இடம்தான் காரணம். சின்னக் கேமரா லென்ஸைப் பெரிய பிலிம் கேமராவில் மாட்ட முடியாததற்கும் இதே காரணம்தான். அங்கே குழாய்க்கு இடமே இல்லை, மாட்டினாலும் பிம்பம் நான்கு மூலைக்கும் எட்டாது.

காலிக் குழாய்தானே, எங்கே வாங்கினால் என்ன என்று நானும் நினைத்தேன். முதலில் வாங்கியது இணையத்தில், விலை மலிவு. கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரையில் நின்று சுலோச்சன முதலியார் பாலத்தை 80-ல் எடுத்தேன். முதல் வளைவுகள் பளிச்சென்று வந்தன. தள்ளித் தள்ளிப் போகப் போகத் தூண்கள் மசமச. ஃபோகஸ் வளையத்தை முடிவிலி வரைக்கும் திருகி, அதற்கு மேல் நகராமல் முட்டிக்கொண்டு நிற்கிறது, தூரத்துத் தூண் மட்டும் தெளியவே இல்லை. லென்ஸில்தான் கோளாறு என்று கழற்றிப் பார்த்து ஒரு நாளை வீணாக்கினேன். கடைசியில் வெர்னியர் வைத்து அடாப்டரை அளந்தால் 0.2 மி.மீ. நீளம் கூடுதல். ஏ4 தாள் இரண்டை அடுக்கி வைத்த கனம்தான்! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லென்ஸின் மி.மீ. எண்ணை அதே எண்ணால் பெருக்கி, கூடுதல் நீளத்தால் வகுத்தால், அந்த லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு தூரம்வரை ஃபோகஸ் ஆகும் என்பது வந்துவிடும். 80-ஐ 80-ஆல் பெருக்கி 0.2-ஆல் வகுத்தால் 32,000 மி.மீ., அதாவது 32 மீட்டர். அதற்கு அப்பால் இருக்கும் உலகம் எனக்கு இல்லை. 55-க்கு இன்னும் மோசம், 15 மீட்டரோடு சரி. 150-க்கு 112 மீட்டர், அதனால் டெலியில் இந்தக் குறை சீக்கிரம் பிடிபடாது.

இதனாலேயே நிறைய அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு நூல் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். குட்டையாக இருந்தால் முடிவிலியைத் தாண்டியும் வளையம் திரும்பும். லென்ஸில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கு பொய்யாகும், ஆனால் படத்துக்கு நஷ்டமில்லை. நீளம்தான் ஆகாது. அடாப்டர் வந்ததும் மொட்டை மாடிக்குப் போய், 55-ஐ மாட்டி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, உங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் பொதிகை மலையைப் பாருங்கள். திரையில் பெரிதாக்கி, மலை முகட்டு மரம் தெளிகிற இடத்தைத் தாண்டி வளையம் ஒரு மயிரிழையாவது நகர வேண்டும். நகரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நீங்களே அரத்தால் ராவிச் சரிசெய்யலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். ராவினால் ஒரு பக்கம் சாயும், அப்புறம் படத்தின் இடது ஓரம் தெளிவு, வலது ஓரம் மங்கல் என்று புதுத் தலைவலி.

இரண்டாவது தலைவலி குழாயின் உட்சுவர். லென்ஸ் 70 மி.மீ. அகலத்துக்குப் பிம்பத்தைக் கொட்டுகிறது, சென்சார் எடுத்துக்கொள்வது நடுவில் 43 மட்டும். மீதி வெளிச்சம் எங்கே போகும்? குழாயின் சுவரிலும் கேமராவின் உள்வாயிலும் பட்டுத் தெறித்து, சென்சார் மேல் மெல்லிய பனிபோல விழும். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தை வெயில் நேரத்தில், பின்னால் வெளுத்த வானம் இருக்க எடுத்தபோது படம் முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. பழைய லென்ஸின் குணம் என்று பேசிக்கொள்கிறார்களே, அதில் பாதி இந்தச் சாம்பல்தான் என்பது என் எண்ணம். லென்ஸைக் கழற்றி, அடாப்டரை மட்டும் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கேமரா பக்கமிருந்து உள்ளே பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டிய சுவர் எவர்சில்வர் டம்ளர்போல மின்னினால், அதுதான் குற்றவாளி. பின்பக்கம் பசை உள்ள கறுப்பு வெல்வெட் தாளை அளவுக்கு வெட்டி உட்சுவரில் சுற்றி ஒட்டினேன். அதே இடம், அதே நேரம், படம் தெளிந்துவிட்டது. தையல்கடையில் கிடைக்கிற வெல்வெட் துணியை வெட்டிப் போடாதீர்கள். நூல் பிரிந்து சென்சாரில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை நான் அனுபவித்தாயிற்று. லென்ஸுக்கு முன்னால் ஆழமான ஹூட் (வெளிச்ச மறைப்பு) போடுவதும் உதவும். 80-க்கு மாமியா கொடுத்த ஹூட் 645-க்கு அளந்தது. உங்கள் சின்னச் செவ்வகத்துக்கு அதைவிட நீளமானதைப் போட்டாலும் மூலை மறைக்காது.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியவை சில. சோனி மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் ஓடும்படி வைக்க வேண்டும், இல்லையென்றால் பொத்தானை அமுக்கினாலும் சும்மா இருக்கும். உடம்பில் இருக்கும் ஆட்டத்தடுப்புக்கு எந்த லென்ஸ் என்று தெரியாது, 80 போட்டால் 80 என்றும் 150 போட்டால் 150 என்றும் நாமே சொல்ல வேண்டும். லென்ஸின் பக்கவாட்டில் ஏ, எம் என்று ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை எம்முக்குத் தள்ளினால்தான் அப்பர்ச்சர் வளையத்தைத் திருகும்போது இதழ்கள் மூடும். தள்ள மறந்தால் எஃப் 11 வைத்தாலும் எஃப் 2.8 வெளிச்சம்தான் வரும், மீட்டர் கெட்டுவிட்டது என்று தோன்றும். ஃபோகஸ் கையால்தான். ஓடுகிற பேரப்பிள்ளையை எடுக்க இந்த ஏற்பாடு உதவாது, உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு உதவும்.

உங்களுக்கு வாய்த்தது மாமியா 645 என்பது நல்ல காலம். ஷட்டர் கேமராவில் இருப்பதால் லென்ஸ் எளிமையானது. ஃபோகஸ் மரையும் அப்பர்ச்சர் வளையமும் லென்ஸிலேயே உண்டு. 1975-ல் வந்த முதல் எம்645 காலத்து லென்ஸ்கூட அடாப்டரில் ஒழுங்காக உட்காரும். எல்லாருக்கும் இப்படி அமையாது. மாமியா ஆர்பி67 லென்ஸில் ஃபோகஸ் மரையே கிடையாது, அந்த வேலையைக் கேமராவின் துருத்தி செய்யும். அடாப்டரிலேயே மரை இருக்க வேண்டும். ஹாசல்பிளாட் 500 வரிசை லென்ஸுக்குள் ஷட்டர் இருக்கிறது, அது திறந்தபடியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் தூரம் 74.9 என்பதால் சோனிக்குக் குழாய் 57 மி.மீ. பக்கம் நீளும். பென்டகான் சிக்ஸ், கியேவ் 60 லென்ஸ்கள் எளிது. நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் அதிகம் இருந்த யாஷிகா இரட்டைக் கண் கேமராவைக் கொண்டுவந்து "இந்த லென்ஸைக் கழற்றித் தாங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. அது கழற்றுகிற லென்ஸ் இல்லை. கேமராவோடு ரோல் போட்டு எடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

இவ்வளவு சொல்லி ஆசையைக் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றலாம். அந்தப் பெரிய பிம்ப வட்டம் வீணாகத்தான் போகவேண்டும் என்றில்லை. அதைப் பிடிக்க ஒரு வழி ஷிஃப்ட் அடாப்டர். குழாயின் நடுவில் ஒரு சறுக்குப் பலகை இருக்கும். லென்ஸை மேலே, கீழே, பக்கவாட்டில் தள்ளலாம். சோனியை நிமிர்த்திச் செங்குத்தாக வைத்து, நடுவில் ஒன்று, இடப்பக்கம் 15 மி.மீ. தள்ளி ஒன்று, வலப்பக்கம் 15 மி.மீ. தள்ளி ஒன்று என்று மூன்று படம் எடுத்துக் கணினியில் ஒட்டினால், 54-க்கு 36 மி.மீ. சென்சாரில் எடுத்ததற்குச் சமம். 645 பிலிமுக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டோம். பிக்சல் கணக்கில் 9000-க்கு 6000, அதாவது 54 மெகாபிக்சல். இந்த இடத்தில் மட்டும் 80 லென்ஸ் தாத்தா கையில் பார்த்த அகலத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகப் பார்க்கும், மங்கலும் அதற்கேற்ப வரும். நீங்கள் தேடுகிற லுக் இதுதான். ஆனால் மூன்று படத்துக்கும் ஆள் அசையக்கூடாது. கேமராவை முக்காலியில் கட்டி லென்ஸை நகர்த்தினால், பக்கத்தில் இருக்கும் தூணும் பின்னால் இருக்கும் சுவரும் ஒன்றுக்கொன்று நழுவும்; லென்ஸ் பக்கத்தை முக்காலியில் கட்டிக் கேமராவை நகர்த்தினால் நழுவாது. இதற்கு அடாப்டரின் லென்ஸ் பக்கத்தில் முக்காலித் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள்.

ஷிஃப்ட் என்றதும் கோபுரம் எடுக்கலாம் என்று எல்லாருக்கும் ஆசை வரும். கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் நேராக வைத்து லென்ஸை மேலே தள்ளினால் கோபுரம் பின்பக்கம் சாயாமல் நிற்கும், உண்மைதான். படுக்கைவாட்டுப் படத்தில் 70 மி.மீ. வட்டத்துக்குள் 18 மி.மீ. வரை ஏற்றலாம் என்று கணக்கு சொல்கிறது. நீளக் குழாயும் சோனியின் சின்ன வாயும் சேர்ந்து ஓரத்தை இருட்டாக்குவதால் நான் 15-க்கு மேல் நம்புவதில்லை. அதைவிடப் பெரிய தடை, உங்களிடம் வைடு இல்லை. டவுன் ரதவீதியில் நின்று நெல்லையப்பர் கோவில் கோபுரத்தை 55-ல் அடக்க வேண்டுமென்றால் எதிர்வரிசைக் கடைக்குள் நுழைந்து, அதற்குப் பின்சுவரையும் இடிக்க வேண்டும். ஊசிக்கோபுரம் மாதிரி முன்னால் திறந்த இடம் உள்ளவற்றுக்கு 55 போதும். மாமியாவில் 45, 35 உண்டு, ஆனால் அவற்றைத் தேடி வாங்குகிற காசுக்கு வேறு வழி யோசிக்கலாம்.

இன்னொரு வழி ஃபோகல் ரெடியூசர். இது காலிக் குழாய் இல்லை, உள்ளே கண்ணாடி வைத்துப் பிம்பத்தை 0.7 மடங்காகச் சுருக்குவது. 80 எஃப் 2.8 லென்ஸ் 56 எஃப் 2 ஆகிவிடும், 70 மி.மீ. வட்டம் 49 ஆகச் சுருங்கினாலும் உங்கள் சென்சாரை மூடும். ஒரே அமுக்கில் கிட்டத்தட்ட தாத்தா பார்த்த அகலம். "80 லென்ஸ் 50 ஆகிவிடும்" என்று உங்களிடம் சொன்னவர் இதைக் கேள்விப்பட்டிருக்கலாம். கிபான் நிறுவனம் பவேயஸ் என்ற பெயரில் மாமியா 645-க்கும் இதைச் செய்திருக்கிறது. ஒரு சிநேகிதரின் கேமராவில் ஒரு மாலைப்பொழுது மட்டும் போட்டுப் பார்த்தேன். நடுவில் நன்றாக இருந்தது, எஃப் 2.8-ல் ஓரம் கொஞ்சம் இளகியிருந்தது. ஒரு மாலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். விலை மட்டும் கண்ணைக் கட்டும். காலிக் குழாயைப் போலப் பல மடங்கு.

காசைத் தொடுவதற்கு முன்னால் லென்ஸைப் பாருங்கள். இருபது வருஷம் அம்பாசமுத்திரத்தில், ஆறும் வயலும் சூழ்ந்த ஊரில், மரப் பீரோவுக்குள். ஆனியிலும் ஆடியிலும் சாரல், ஐப்பசியில் அடைமழை. "நன்றாகத் தெரிகின்றன" என்பது பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வது. அறையை இருட்டாக்கி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலைபோலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. வட்டமாக மூச்சுவிட்ட ஆவிபோல இருந்தால் உள்படலம். இதழ்களில் எண்ணெய் பளபளக்கிறதா, ஃபோகஸ் வளையம் கிரீஸ் காய்ந்து கல்லாகக் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். காய்ந்திருந்தால் பலங்கொண்டு திருகாதீர்கள், மரை கடித்துக்கொள்ளும். பூஞ்சை ஓரத்தில் லேசாக இருந்தால் உங்கள் சின்னச் சென்சாருக்குப் படத்தில் தெரியாமலே போகலாம், ஆனாலும் சுத்தம் செய்யாமல் மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்க வேண்டாம். சுத்தமான பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போட்டு, முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவிட்டுத் தூள் மரைக்குள் போய் உட்கார்ந்தால் எடுக்கிறவனுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.

ஆக, லென்ஸ் வீட்டிலேயே இருப்பதால் சாதாரணக் குழாய் அடாப்டர் ஒன்று வாங்குங்கள், சில ஆயிரம் ரூபாயோடு முடியும். லென்ஸையும் காசு கொடுத்து வாங்கவேண்டிய நிலை என்றால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் காசுக்கு ஆட்டோ ஃபோகஸ் உள்ள 85 ஒன்று சுகமாக வேலை செய்யும். சாதாரணக் குழாயில் ஆறு மாதம் எடுத்துப் பார்த்து, கை பழகி, ஆசை குறையாமல் இருந்தால் அப்புறம் ஷிஃப்ட்.

இன்னொன்று, பீரோவைத் துழாவும்போது கண்ணாடி இல்லாத வெறும் வளையங்கள் இரண்டு மூன்று அகப்பட்டால் உடைந்த சாமான் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாமியா அந்தக் காலத்தில் விற்ற எக்ஸ்டென்ஷன் வளையங்களாக இருக்கலாம். 80 லென்ஸுக்கும் அடாப்டருக்கும் நடுவில் ஏறத்தாழ 46 மி.மீ. நீளத்துக்கு அவற்றைப் போட்டால், ஒரு 645 நெகட்டிவ் முழுவதும் உங்கள் சென்சாருக்குள் அடங்கும் அளவுக்குப் பக்கத்தில் போகலாம். எஃப் 8, கீழே எல்இடி லைட் பேட், மேலே முக்காலியில் கேமரா நேர்செங்குத்தாக. பீரோவின் அடித்தட்டில் பட்டர் பேப்பர் கவர்களில் தாத்தாவின் நெகட்டிவ்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இருந்தால், பென்சில் பட்ட பக்கத்தை விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.